மாளிகையின் பின்புறம்

பழைய மாளிகைகளைப் பார்த்துவருவதில் மனிதருக்கு என்றும் ஓர் ஆசை உண்டு. கோட்டையைக் காண்போர் அங்கு நடந்த போரை எண்ணுகிறார்கள். அரண்மனையைக் காண்போர் அங்கு வாழ்ந்த அரசனை எண்ணுகிறார்கள். பெருந்தோட்டத்து மாளிகையைக் காண்போர் யாரை எண்ணுகிறார்கள்? பெரும்பாலும் எவரையும் எண்ணுவதில்லை. மரங்களின் அழகையும் தூண்களின் உயரத்தையும் கண்டு வியந்து, நிழலிலே சற்று இளைப்பாறி, ஒரு படமும் எடுத்துக்கொண்டு மீண்டுவிடுகிறார்கள். இத்தகைய இடங்களுக்குச் செல்லும் பிரயாணி எதைக் காண்கிறான், அவன் கண்ணிற் படாமலே போவது எது என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

அதற்கு எடுத்துக்காட்டாக ஓர் ஆற்றங்கரையைக் கொள்ளலாம். வட அமெரிக்காவின் பேராறாகிய மிசிசிப்பி, மெக்சிக்கோக் குடாவிற் கலப்பதற்கு முன்னர், லூசியானா மாநிலத்தினூடாக வளைந்து வளைந்து செல்கிறது. அம்மாநிலத்தின் தலைநகராகிய பேட்டன் ரூஜிலிருந்து நியூ ஓர்லியன்ஸ் துறைமுகம் வரையில் ஆற்றின் இரு கரைகளையும் ஒட்டிச் செல்லும் பாதையை மக்கள் ஆற்றுப் பாதை என்றே அழைக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பாதை நெடுகக் கரும்புத் தோட்டங்கள் நிறைந்திருந்தன. இன்று அவற்றுட் பெரும்பாலானவை அழிந்துபோயின. இரசாயனத் தொழிற்சாலைகளின் உயர்ந்த குழாய்களும் எண்ணெய்த் தாங்கிகளும் அவ்விடங்களைப் பிடித்துக்கொண்டன. எஞ்சி நிற்கும் சில மாளிகைகளைக் காண்பதற்கு உலகின் பல திசைகளிலிருந்தும் பிரயாணிகள் வருகிறார்கள்.

அத்தோட்டங்களின் அமைப்பை முதலில் மனத்திற் கொள்ளுதல் நல்லது. பிரெஞ்சுக்காரர் வகுத்த முறைப்படி ஒவ்வொரு தோட்டமும் ஆற்றுமுகத்திற் குறுகியதாகவும், உள்நோக்கி மிக நீண்டதாகவும், ஒரு துணிநாடாவை விரித்தாற்போலக் கிடந்தது. ஆற்றை நோக்கியபடி முதலில் நின்றது முதலாளியின் மாளிகை. அதன் பின்னாற் சமையற்கட்டும் கொட்டில்களும். அவற்றின் பின்னால், ஒரு மண்பாதையின் இரு மருங்கிலும், அடிமைகளின் மரக்குடில்கள் வரிசையாய் இருந்தன. அதற்கும் பின்னாற் சீனி ஆலை, அதன்பின் கரும்பு வயல், எல்லாவற்றுக்கும் கடைசியிற் சதுப்புக் காடு. ஆகவே ஆற்றின் வழியாக நீராவிக் கப்பலில் வந்த ஒருவன் கண்டது மாளிகையின் முகத்தை மட்டுமே. இன்று மோட்டார் வண்டியில் வருகின்ற பிரயாணியும் முதலிற் காண்பது அந்த முகத்தைத்தான்.

நியூ ஓர்லியன்ஸ் நகரம் 1718ஆம் ஆண்டிலே பிரெஞ்சுக்காரரால் நிறுவப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிய கப்பல்கள் லூசியானாவுக்கு வந்து சேர்ந்தன. நகரத்தின் வயதும் அடிமைமுறையின் வயதும் ஏறத்தாழ ஒன்றே. தொடக்கத்திற் சாயத்துக்கான அவுரியும் நெல்லும் பயிரிடப்பட்டன. 1795ஆம் ஆண்டில் எத்தியேன் டி போரே என்னும் தோட்டக்காரர் அந்நாட்டுக் கரும்பிலிருந்து மணிமணியாய் உறையும் சீனியை வணிகம் செய்யத்தக்க அளவில் எடுத்துக் காட்டினார். அக்காலத்தில், உலகிலே மிகுதியாகச் சீனி விளைத்துவந்த ஹெயிற்றித் தீவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து தங்கள் விடுதலையை வென்றுகொண்டிருந்தார்கள். அங்கு குன்றிய சீனித்தொழில் இங்கு ஓங்கியது. ஒரு கரையில் விலங்கு முறிந்தபொழுது மறுகரையில் விலங்கு இறுகியது.

லூசியானாவை ஐக்கிய அமெரிக்கா 1803ஆம் ஆண்டிலே பிரான்சிடமிருந்து விலைக்கு வாங்கியது. வெளிநாடுகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை அந்நாட்டுச் சட்டம் 1808ஆம் ஆண்டு முதல் தடைசெய்தது. ஆனால் உள்நாட்டில் விற்பதற்கும் வாங்குவதற்கும் தடையில்லை. வேர்ஜீனியா, மேரிலண்ட் முதலிய வடக்குப் பகுதிகளிலிருந்து ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் கப்பலிலும் கால்நடையாகவும் நியூ ஓர்லியன்ஸ் சந்தைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தாய் ஓரிடத்திலும் பிள்ளை வேறோரிடத்திலுமாக விற்கப்பட்டமைக்கு விலைச்சீட்டுகளே இன்றும் சாட்சியாக இருக்கின்றன. 1860ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் லூசியானாவின் மொத்த மக்கள் 708,002 பேர். அவருள் 331,726 பேர் அடிமைகள். ஏறத்தாழச் சரிபாதிப் பேர், மற்றப் பாதியினரிற் சிலருடைய உடைமையாக இருந்தனர்.

கரும்பு தின்னக் கூலி வேண்டுமா என்று தமிழிலே ஒரு பழமொழி உண்டு. இனிப்பைத் தின்பவனைக் குறித்து எழுந்த பழமொழி அது. கரும்பை நட்டவனுக்கும் வெட்டியவனுக்கும் கூலி உண்டா என்று இந்த ஆற்றங்கரையில் எவரும் கேட்டதில்லை. உறைபனி விழுவதற்கு முன்னர் கரும்பு முழுவதையும் வெட்டி ஆட்டி முடித்துவிட வேண்டும் என்பதால், ஒக்டோபர் மாதத்திலிருந்து ஆண்டின் இறுதிவரை ஆலைகள் இரவும் பகலும் ஓடின. வெட்டுவோர் விடியுமுன் வயலுக்குச் சென்றனர். ஆலையிலே திறந்த கொப்பரைகள் ஒரே அடுப்பின்மேல் பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாய் வைக்கப்பட்டிருந்தன. கொதிக்கும் சாற்றை நீண்ட அகப்பைகளால் ஒரு கொப்பரையிலிருந்து அடுத்த கொப்பரைக்கு அள்ளி அள்ளி ஊற்றினர். உறக்கமின்றி நின்றவனுடைய கை சற்றே தவறினால் பாகு உடலில் ஒட்டிக்கொள்ளும். உருளையருகே தவறினாற் கையே போய்விடும். சொலமன் நோதப் என்பவர் சுதந்திர மனிதராய்ப் பிறந்து, 1841ஆம் ஆண்டிலே கடத்தப்பட்டு, பன்னிரண்டு ஆண்டுகள் லூசியானாவில் அடிமையாக உழைத்தவர். மீண்ட பின்னர் 1853ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட நூலிற் கரும்பு வெட்டும் முறையையும் ஆலையின் இயக்கத்தையும் ஒரு தொழிலாளியின் நுட்பத்தோடு விவரித்திருக்கிறார்.

இத்தொழிலின் வரலாற்றில் இன்னொரு பெயரும் உண்டு. நியூ ஓர்லியன்சிலே 1806ஆம் ஆண்டிற் பிறந்த நோபேர் ரில்லியூ, வெள்ளையர் ஒருவருக்கும் கலப்பினப் பெண் ஒருவருக்கும் பிறந்த சுதந்திர மனிதர். பாரிஸ் நகரிலே பொறியியல் கற்றுத் திரும்பிய அவர், ஒரு கலத்தில் எழும் நீராவியைக்கொண்டே அடுத்த கலத்தைச் சூடாக்கிச் சாற்றை வற்றச் செய்யும் கருவியை அமைத்து 1843ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். காற்றழுத்தம் குறைக்கப்பட்ட மூடிய கலங்களிற் சாறு குறைந்த சூட்டிலேயே வற்றியது, விறகு மிச்சமாயிற்று, திறந்த கொப்பரையில் அள்ளி ஊற்றும் ஆபத்தும் குறைந்தது. உலகெங்குமுள்ள சீனித் தொழிற்சாலைகள் இன்றும் கையாள்வது அந்தத் தத்துவத்தையே. தேநீரிற் சீனி கலந்து பருகுகின்ற எவரும் அந்தக் கறுப்பின அறிஞருக்குச் சிறிது கடன்பட்டவரே.

இனி மாளிகைகளுக்கு வருவோம். நியூ ஓர்லியன்சிலிருந்து மோட்டார் வண்டியில் ஒரு மணித்தியாலம் சற்று மேலாகச் சென்றால் வாச்சரி என்னும் ஊரிலுள்ள ஓக் ஆலித் தோட்டத்தை அடையலாம். ஆற்றணையிலிருந்து மாளிகையின் வாயில் வரையில் பக்கத்துக்குப் பதினான்காக இருபத்தெட்டு ஓக் மரங்கள் கிளையோடு கிளை கோத்துப் பசும்பந்தல் இட்டாற்போல் நிற்கின்றன. அவை மாளிகைக்கும் நெடுங்காலம் முன்பு, பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே நடப்பட்டவை. மரங்களின் எண்ணிக்கைக்கு ஒப்ப மாளிகையைச் சுற்றிலும் இருபத்தெட்டுப் பெருந்தூண்கள் உள்ளன. ஜாக் ரோமான் என்னும் கரும்புத் தோட்டக்காரருக்காக 1837க்கும் 1839க்கும் இடையில் அது கட்டப்பட்டது. கட்டியோர் அவருடைய அடிமைகள். அமெரிக்கத் தென்பகுதி என்றவுடன் படங்களிலும் நாட்காட்டிகளிலும் காட்டப்படும் காட்சி பெரும்பாலும் இதுவே.

அம்மரநிழலிலே நடப்பவர்களுட் சிலரே அந்துவான் என்னும் பெயரை அறிவர். அந்துவான் இத்தோட்டத்தில் அடிமையாக இருந்த ஒரு தோட்டக்காரர். பீக்கன் என்பது அந்நாட்டிலே காய்க்கும் ஒரு கொட்டை. காட்டுப் பீக்கனின் ஓடு தடித்தது. மரத்துக்கு மரம் காயின் தன்மையும் வேறுபடும். விதையிட்டு வளர்த்தால் தாய்மரத்தின் குணம் சேய்மரத்தில் அப்படியே வருவதில்லை. பலர் ஒட்டுக்கட்டிப் பார்த்தும் கைகூடவில்லை. 1846ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலே அந்துவான் நல்ல மரமொன்றின் தளிர்க்கம்பை எடுத்து வேறு மரங்களில் ஒட்டி வெற்றி கண்டார். கையால் நெரித்தே உடைக்கத்தக்க மெல்லிய ஓட்டையுடைய பீக்கன், வணிகப் பயிராகப் பரவுவதற்கு வழி திறந்தது அந்த ஒட்டுத்தான். 1876ஆம் ஆண்டில், அமெரிக்க சுதந்திரத்தின் நூற்றாண்டை முன்னிட்டுப் பிலடெல்பியாவில் நடந்த கண்காட்சியில் அவ்வினத்துக் காய்கள் பரிசு பெற்றன. அவற்றுக்கு நூற்றாண்டு என்று பொருள்படும் பெயரே சூட்டப்பட்டது. அந்துவானின் பெயர் சூட்டப்படவில்லை.

அவருடைய பெயர் எஞ்சியிருப்பது ஒரு கணக்கேட்டில். ரோமான் 1848ஆம் ஆண்டில் இறந்தபின், அவருடைய உடைமைகளை மதிப்பிட்டு ஒரு பட்டியல் எழுதப்பட்டது. அதிலே அந்துவானின் பெயர், வயது முப்பத்தெட்டு, தொழில் தோட்ட வேலை, பீக்கன் ஒட்டுக்கட்டுவதில் வல்லவர் என்னும் குறிப்பு, அவற்றின் எதிரே விலை ஆயிரம் டொலர் என்று பதிவாகியிருக்கிறது. ஒரு மனிதனின் கல்விக்கும் கைத்திறனுக்கும் கொடுக்கப்பட்ட சான்றிதழும் அவனை விற்பதற்கான விலைச்சீட்டும் ஒரே வரியில் அமைந்தன. அவர் ஒட்டுக்கட்டிய மரங்கள் இன்று இல்லை. உள்நாட்டுப் போருக்குப் பின் கரும்புக்கு நிலம் வேண்டுமென்று அவை வெட்டப்பட்டன. முதலாளியின் மாளிகைக்கு நிழல்தந்த ஓக் மரங்கள் காக்கப்பட்டன; அடிமையின் அறிவிலே தோன்றிய மரங்கள் காக்கப்படவில்லை. இப்பொழுது அத்தோட்டத்தில் அடிமைக் குடில்கள் மீண்டும் அமைக்கப்பட்டு, அங்கு வாழ்ந்தோரின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. மரநிழலைக் கடந்து அவ்வளவு தூரம் நடப்பது பிரயாணியின் விருப்பத்தைப் பொறுத்தது.

அதே பாதையில் ஆற்றின் போக்கோடு சிறிது கீழே வந்தால் லோராத் தோட்டம். இங்குள்ள வீடு 1805ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்டது. வெண்ணிறத் தூண்கள் இல்லை. பிரெஞ்சு, ஆபிரிக்க மரபுகள் கலந்த கிரியோல் முறையிலே மஞ்சளும் பச்சையும் சிவப்பும் தீட்டப்பட்ட, தூண்மேல் உயர்த்திய வீடு. இங்கே புதிதாய் அமைத்தவையல்ல, பழைய குடில்களே சில எஞ்சியிருக்கின்றன. அவற்றிலே 1970கள் வரையிற் கூலித் தொழிலாளர் குடியிருந்தனர் என்று கேட்கும்பொழுது பிரயாணிக்கு வியப்பு உண்டாகிறது. 1865ஆம் ஆண்டிலே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. குடில் ஒழியவில்லை. அதே வயல், அதே ஆலை, அதே வரிசைக் குடில். கூலி என்ற பெயரிற் பலவிடங்களிலே கொடுக்கப்பட்டதோ தோட்டத்துக் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் சீட்டு. 1887ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே சீனித் தொழிலாளர் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்து, கைக்குக் காசாகக் கூலி கேட்டார்கள். திபடோ என்னும் நகரில் ஆயுதம் தாங்கிய கூட்டம் அவர்கள்மீது பாய்ந்து, குறைந்தது முப்பது பேரையாவது கொன்றது. அதற்குப்பின் நெடுங்காலம் அவ்வயல்களிற் சங்கம் என்ற பேச்சே எழவில்லை.

லோராவின் குடில்களுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அல்சே போர்த்தியே என்னும் அறிஞர் இவ்வட்டாரத்துக் கறுப்பின மக்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த கதைகளைக் கேட்டுத் தொகுத்து, 1895ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார். தந்திரமுள்ள முயல், வலிமை மிக்க முரட்டு விலங்கை வெல்லும் கதைகள் அவற்றுட் பல. மேற்கு ஆபிரிக்காவில், செனகல் நாட்டில், முயலும் கழுதைப்புலியும் தோன்றும் கதைகளுக்கு அவை உறவானவை. கப்பலின் அடித்தட்டில் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்களின் கையிலே ஒன்றும் இல்லை. கதையைப் பறித்துக்கொள்ள எவராலும் முடியவில்லை.

மேலும் சில மைல் கீழே, வாலஸ் என்னும் ஊரில் இருப்பது விற்னித் தோட்டம். ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறிய ஹைடல் குடும்பத்தினர் 1752ஆம் ஆண்டிலே இந்நிலத்தை வாங்கி முதலில் அவுரியும் பின்னர் கரும்பும் பயிரிட்டனர். போருக்குப் பின் 1867ஆம் ஆண்டிலே கைமாறியபொழுது விற்னி என்னும் பெயர் வந்தது. 1970கள் வரை அங்கு தொழில் நடந்தது. பின்னர் ஓர் இரசாயனக் கம்பனி அந்நிலத்தைத் தொழிற்சாலைக்காக வாங்கியது. மக்கள் எதிர்ப்பினால் அம்முயற்சி கைவிடப்பட்டது. நியூ ஓர்லியன்ஸ் வழக்கறிஞராகிய ஜோன் கமிங்ஸ் 1999ஆம் ஆண்டில் அதை வாங்கினார். நிலத்தோடு கிடைத்த ஆவணங்களைப் படித்தபொழுதுதான் தாம் வாங்கியது எத்தகைய இடம் என்பதை அவர் உணர்ந்தார். செனகல் நாட்டு வரலாற்றறிஞர் இப்ராஹிமா செக் ஆராய்ச்சிக்குத் துணைநின்றார். பதினைந்து ஆண்டு உழைப்பின் பின், 2014ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே, முதலாளியின் வாழ்க்கையை விடுத்து அடிமைகளின் வாழ்க்கையை மட்டுமே பொருளாகக்கொண்ட நூதனசாலையாக அத்தோட்டம் திறக்கப்பட்டது.

விற்னியிலே வழி தலைகீழாக வகுக்கப்பட்டது. பிரயாணி முதலில் மாளிகைக்குள் அழைத்துச் செல்லப்படவில்லை. விடுதலை பெற்ற மக்கள் தங்கள் கையாற் கட்டி, பின்னாளில் ஆற்றின் மறுகரையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு மரத்தேவாலயத்திலே பார்வை தொடங்கியது. அங்கு சிறுவர் சிறுமியரின் சிலைகள் ஆள் உயரத்தில் நிற்கின்றன. விடுதலை கிடைத்தபொழுது பிள்ளைகளாயிருந்தவர்களின் நினைவாக அமைந்தவை அவை. அத்தகையோர் முதுமையடைந்திருந்த 1936 முதல் 1938 வரையிலான காலத்தில், அரசாங்கம் எழுத்தாளரை அனுப்பி இரண்டாயிரத்து முந்நூறுக்கு மேற்பட்டோரின் வாக்குமூலங்களைப் பதிவுசெய்தது. அவர்களுள் ஒருவரின் பெயரும் சொல்லும் பொறித்த அட்டையொன்றைப் பிரயாணி கழுத்திலே அணிந்து நடந்தான். அதன்பின் பெயர்ச்சுவர், விற்னித் தோட்டத்திலே அடிமைகளாக இருந்த முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்டோரின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. பலருக்கு ஒரு பெயர் மட்டும். குடும்பப் பெயர் இல்லை. சிலருக்குப் பிறந்த நாட்டின் அல்லது குலத்தின் பெயரே அடையாளம்.

இன்னொரு பகுதியில் லூசியானா முழுவதிலும் அடிமைகளாயிருந்த ஏறத்தாழ ஒரு இலட்சத்து ஏழாயிரம் பேரின் பெயர்கள் உள்ளன. இவற்றைத் திரட்டியவர் குவெண்டலின் மிட்லோ ஹோல் என்னும் பேராசிரியை. நீதிமன்றங்களில் உறங்கிக் கிடந்த விற்பனைப் பத்திரங்களையும் மரணசாசனங்களையும் சொத்துப் பட்டியல்களையும் பிரெஞ்சு, ஸ்பானியம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் பல ஆண்டுகள் படித்து அவர் இதை முடித்தார். மனிதரை விற்பதற்காக எழுதப்பட்ட தாள்களே, அவர்களை மறவாதிருப்பதற்கும் உதவின. ஓரமாக ஒரு சிறு தோட்டம். அவ்வட்டாரத்தில் மூன்று வயது நிறையுமுன் இறந்த அடிமைக் குழந்தைகள் ஏறத்தாழ 2,200 பேரின் பெயர்கள், தேவாலயப் பதிவேடுகளிலிருந்து எடுத்து, அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தவர்களும் அவ்விடத்திலே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

குடில்களையும் கொப்பரைகளையும் கண்டபின்னரே மாளிகை வருகிறது. அப்பொழுது அது சிறியதாய்த் தெரிகிறது. அதன் அழகு குறையவில்லை. மரவேலையின் நுட்பமும் செங்கல்லின் ஒழுங்கும் முன்னையிலும் நன்றாய்க் கண்ணிற் படுகின்றன. அவற்றைச் செய்த கைகள் யாருடையவை என்பதை அறிந்தபின் காண்பதனால்.

இவ்வாறு காட்டுவதை எல்லோரும் விரும்புகிறார்கள் என்று சொல்ல முடியாது. விடுமுறைக்கு வந்த இடத்திலே துயரக் கதை எதற்கு என்று கேட்போர் உண்டு. பழைய தோட்டங்களிலே திருமண விருந்து நடத்தும் வழக்கமும் பரவியிருந்தது. 2019ஆம் ஆண்டில், திருமண ஏற்பாடுகளுக்கு உதவும் பெரிய நிறுவனங்கள் சில, தோட்ட மாளிகைத் திருமணங்களை விளம்பரப்படுத்துவதைக் கட்டுப்படுத்தின. மனிதர் விலைபேசப்பட்ட முற்றத்திலே மணப்பந்தல் இடலாமா என்பதே கேள்வி.

2025ஆம் ஆண்டு மே மாதத்திலே அக்கேள்வி வேறொரு வடிவில் எழுந்தது. பேட்டன் ரூஜுக்குச் சற்றுக் கீழே நின்ற நொற்றவே மாளிகை தீப்பற்றி எரிந்தது. ஜோன் ரண்டொல்ப் என்னும் சீனி முதலாளி 1859ஆம் ஆண்டிற் கட்டி முடித்த அறுபத்து நான்கு அறை மாளிகை அது. உள்நாட்டுப் போருக்கு முந்திய மாளிகைகளுள் எஞ்சியிருந்தவற்றிற் பெரியது. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்த அந்த வீடு, பிற்காலத்தில் விடுதியாகவும் திருமண மண்டபமாகவும் விளங்கியது. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. அது எரிந்த செய்தி கேட்டுச் சிலர் கண்ணீர் விட்டனர். சிலர் மகிழ்ச்சி கொண்டாடினர். இரு சாராரின் உணர்ச்சியும் விளங்கக்கூடியதே. ஆயினும் ஒன்றை நினைக்க வேண்டும். அம்மாளிகையின் செங்கல்லை அறுத்தவரும் மரத்தை இழைத்தவரும் அடிமைகள். அவர்கள் கைபட்ட வேலைக்கு அதுவே சாட்சி. சாட்சியைப் போற்றிச் சீராட்டுவதும் தவறு. சாட்சி எரிந்துபோவதால் நியாயம் கிடைத்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. சாட்சியைப் பேசவிடுவதே முறை.

அவ்வாறு செய்த ஒரு நிகழ்ச்சியும் இவ்வாற்றங்கரையிலேயே உண்டு. 1811ஆம் ஆண்டு ஜனவரி 8ஆந் திகதி, லாப்பிளாஸ் என்னும் ஊரருகே இருந்த ஒரு தோட்டத்திலே சார்ல்ஸ் டெஸ்லோன்ட் என்பவரின் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். வழியிலுள்ள தோட்டத்தவரும் சேர, சில நூறு பேர் நியூ ஓர்லியன்சை நோக்கி ஆற்றுப் பாதையிலே அணிவகுத்துச் சென்றனர். இரண்டு நாளில் அவர்கள் முறியடிக்கப்பட்டார்கள். கொல்லப்பட்டோரின் தலைகள் மற்றவருக்கு அச்சமூட்டுவதற்காக ஆற்றணை நெடுகக் கழுமரங்களில் நாட்டப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவிலே நடந்த அடிமைக் கிளர்ச்சிகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்று அது. ஆயினும் நெடுங்காலம் பாடப்புத்தகங்களில் அதற்கு இடமில்லை. அக்கிளர்ச்சி தொடங்கிய தோட்டத்தின் பழைய மாளிகையை, 2024ஆம் ஆண்டிலே அடிமைகளின் வழிவந்தோர் அமைத்த ஒரு சங்கம் விலைகொடுத்து வாங்கியது. ஒரு காலத்தில் அத்தகைய வீட்டின் சொத்துப் பட்டியலில் இருந்தவர்களின் மக்கள், அவ்வீட்டையே தங்கள் சொத்தாக்கிக்கொண்டார்கள்.

இவையெல்லாம் எங்கோ தொலைவிலுள்ள நாட்டின் செய்திகள் என்று இலங்கை நேயர்கள் எண்ணிவிடலாகாது. பெருந்தோட்டம் என்னும் அமைப்பு இத்தீவிற் தானாக முளைத்ததன்று. 1837ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்து கோப்பிப் பயிரை முறைப்படுத்திய ரொபேர்ட் போய்ட் டைற்லர் என்பவர், அத்தொழிலைக் கற்றது ஜமேக்காத் தீவில். அடிமைமுறை ஒழிந்துகொண்டிருந்த காலத்து ஜமேக்கா அது. அங்கு வழங்கிய பயிர்முறையைத்தான் அவர் கண்டி மலைகளுக்குக் கொண்டுவந்தார். மேட்டிலே பங்களா, பள்ளத்திலே வரிசைக் குடியிருப்பு என்னும் ஒழுங்கை மலைநாட்டிற் கண்டவர்கள் லூசியானாவின் மண்பாதையைக் காணும்பொழுது திடுக்கிட்டு நிற்பர்.

இரண்டும் ஒன்றென்று சொல்வது பொருந்தாது. மலைநாட்டுத் தொழிலாளர் சட்டப்படி அடிமைகள் அல்லர். அவர்களை எவரும் சந்தையில் விற்கவில்லை. இலங்கையில் எஞ்சியிருந்த அடிமைமுறையும் 1844ஆம் ஆண்டிலே ஒழிக்கப்பட்டது. ஆயினும் கங்காணியிடம் பட்ட கடனும், அக்கடனைக் குறித்துத் தோட்டத்துக்குத் தோட்டம் கொண்டுசெல்லப்பட்ட துண்டு என்னும் சீட்டும், காலைப் பிரட்டும், காம்பராவும் அவர்களைக் கட்டிவைத்தன. துண்டு முறையைச் சட்டம் தடைசெய்தது 1921ஆம் ஆண்டிலேதான். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தவர்களுள் வழியிலே மாண்டவர்களின் பெயர்களைத் தாங்கிய கற்சுவர் எதுவும் அவ்வழியில் இல்லை. அவ்வருகையின் இருநூறாம் ஆண்டை நினைந்து, 2023ஆம் ஆண்டிலே மலையக மக்களும் நண்பர்களும் அதே வழியாக நடந்தார்கள். கம்பளைக்கு அருகே ஒரு தோட்டத்திற் பழைய லயம் ஒன்றையே நூதனசாலையாக்கி, தொழிலாளர் பயன்படுத்திய பொருள்களைத் திரட்டி வைத்திருக்கிறார்கள்.

இன்று மலைநாட்டின் பழைய துரை பங்களாக்கள் பல, பிரயாணிகள் தங்கும் விடுதிகளாக மாறியிருக்கின்றன. குளிர்காய அடுப்பும், பூந்தோட்டமும், விறாந்தையிலே தேநீரும் அங்குண்டு. அங்கே சென்று தங்குவதில் குற்றமில்லை. லூசியானாவின் ஓக் மரநிழலில் நிற்பதிலும் குற்றமில்லை. உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும். பிரயாணம் மனத்துக்கு மருந்து. ஆனால் வரலாற்றிடத்துக்கு விருந்தினனாகச் செல்பவனுக்கு ஒரு கடமை உண்டு. இந்த வீட்டைக் கட்டியவர் யார், அவர்கள் இரவிலே எங்கே உறங்கினார்கள், அவர்களை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று வழிகாட்டியிடம் கேட்பதே அது. விடை தெரிந்த வழிகாட்டி மகிழ்ந்து சொல்வான். தெரியாதவன், அடுத்த பிரயாணி வருமுன் தெரிந்துகொள்ள முயல்வான். விற்னியிலே ஒரு வழக்கறிஞர் ஆவணக்கட்டொன்றைப் படித்ததிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்பதை நினைக்கும்பொழுது, ஒரு கேள்வியின் பயனைச் சிறிதென்று சொல்லிவிட முடியாது.

கேட்ட பின்னர் மாளிகையைச் சுற்றிப் பின்புறத்துக்கும் ஒரு முறை நடந்துவர வேண்டும். அங்கே குடில் இருக்கலாம். குடில் இருந்த இடத்திலே புல் மட்டும் இருக்கலாம். சற்று நேரம் அங்கு நின்றுவிட்டு வந்தபின், மரநிழலிலே இருந்து இளைப்பாறலாம். அதற்குத் தடையில்லை.